படத்தின் மேல் கட்டைவிரல்

எங்கள் யாழினிக்கு யூகேஜி எடுத்த மிஸ்ஸை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். மரியாதையெல்லாம் அதற்குப் பிறகு. யார் மேல் கோபம் என்று கேட்டால், அவர் மேல் கோபம், அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் மேல் கோபம், என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட மற்ற அப்பாக்கள் மேல் கோபம். என் மேல் உள்ளதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு நான் செய்தது போதும், பெயரையும் இழுத்துவிட வேண்டாம்.

ஒரகடம் சிக்னலிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில், ஒரு மாடி வீட்டின் மேல் தகரக் கொட்டகை போட்டு நடந்துகொண்டிருந்தது அந்தப் பள்ளிக்கூடம். இங்கிலீஷ் மீடியம், ஃபோனிக்ஸ் முறைக் கல்வி என்று காம்பவுண்டுச் சுவர் முழுக்க எழுதியிருக்கும். ஃபோனிக்ஸ் என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்று நம் பிள்ளைக்குக் கிடைக்கிறது என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குள் போன உள்ளூர்க்காரர்கள், என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வாடகை வீட்டில் கிடப்பவர்கள், எல்லோருக்கும் அதுதான் பக்கத்தில் இருந்தது.

மிஸ்ஸுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். உள்ளூர்ப் பெண். ஒல்லியாக, துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, எந்நேரமும் யாரோடோ சண்டைக்குப் போகிறவர் போல நடப்பார். யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார், அதுதான் அவருடைய குணம். 'தெரியும் மிஸ்' என்று பிள்ளை சொன்னாலும் சரி, 'எங்க புள்ளைக்கு எல்லாம் தெரியும்' என்று அம்மா சொன்னாலும் சரி, 'செய்து காட்டு' என்று நிற்பார். அதனால் அவரை யாருக்கும் பிடிக்காது.

யாழினியைச் சேர்க்கப் போன அன்றைக்கே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அம்மா, அப்பா சொல்லப் பழகும்போதே கம்பெனி பெயரையும் சொல்லப் பழகிவிடும். அப்பாவின் சட்டைப் பைக்கு மேலே தைத்திருப்பதைத் தொட்டுச் சொல்லும். ரோட்டில் கம்பெனி பஸ் போனால் அதன் பெயரைச் சொல்லிக் கத்தும். இரண்டரை வயதிலேயே எங்கள் பிள்ளை படிக்கிறது என்று வீட்டுக்கு வீடு ஒரு பெருமை. யாழினி ஆறு கம்பெனியின் பெயர் சொல்வாள். நான் அன்றைக்கு ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடுதான் போயிருந்தேன். சட்டையை இழுத்துக் காட்டி, "மிஸ்ஸுக்குப் படிச்சுக் காட்டு பாப்பா" என்றேன். பாப்பா பட்டென்று சொன்னாள்.

மிஸ் ஒரு சிலேட்டை எடுத்து, அதே பெயரைச் சாக்பீஸால் பெரிதாக எழுதி அவள் முன்னால் வைத்தார். யாழினி சிலேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிலேட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"உங்க சட்டைய அடையாளம் தெரிஞ்சிகினு கீறா சார். அது நல்லதுதான். ஆனா அதுக்குப் பேரு படிக்கிறது இல்ல" என்றார்.

"சின்னப் பிள்ளதான மிஸ். போகப் போகப் படிச்சுருவா."

"போகப் போக இன்னா நடக்கும் தெரியுமா? சட்டையப் பாத்துச் சொன்ன மாதிரி புக்கையும் பாத்துச் சொல்லும். நீங்க கைதட்டுவீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு எரிந்தது. ஒரு யூகேஜி டீச்சருக்கு இவ்வளவு வாய் எதற்கு என்று என் மனைவியிடம் கத்தினேன்.

அவருடைய வலது கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்தைப் பிள்ளையின் முன் விரித்தாலும் அந்த விரல் படத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். பூனைப் படம் போட்டு அதன் கீழே இங்கிலீஷில் மூன்று எழுத்து இருக்கும். பிள்ளை பூனையைப் பார்த்து 'கேட்' என்று சொல்லும். மிஸ் பூனையை மறைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு" என்பார். பிள்ளை விரலைப் பார்க்கும். சிலது விரலை நகர்த்தப் பார்க்கும். ஒரு பொடியன் பொறுமையிழந்து அந்த விரலைக் கடித்தே விட்டான். மிஸ் விரலில் போட்ட கட்டோடு வந்து, "பாருங்க, என் புள்ள கடிச்சிட்டான், அவனுக்குத்தான் கோவம் வந்திச்சி, அவன் படிச்சிடுவான்" என்று பள்ளிக் கேட்டில் நின்ற எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சொன்னபடியே அந்த வகுப்பில் முதலில் எழுத்துக்கூட்டியது அவன்தான்.

முப்பது பிள்ளைகளுக்கு ஒரு கட்டைவிரல் போதவில்லை. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரு நாள் யாழினி வீட்டுக்குக் கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்தால், எல்லாப் படத்தின் மேலும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வகுப்பு முழுக்க, புத்தகம் முழுக்க, மிஸ்ஸே உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். என் மனைவி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள்.

"ஏங்க, பிள்ள பொஸ்தகத்த என்ன செஞ்சி வச்சிருக்காவன்னு பாருங்க. யானைய காணல, மயில காணல. இதக் கேக்க ஆளில்லையா?"

கேட்கப் போனேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். கரஸ்பாண்டென்ட் மிஸ்ஸைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே சத்தம் போட்டார். அவர் ரியல் எஸ்டேட் செய்து, அதில் வந்ததைக் கொண்டு பள்ளிக்கூடம் தொடங்கியவர். பிளாட் காட்டுகிற மாதிரிதான் பிள்ளைகளையும் எங்களுக்குக் காட்டுவார். மிஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "படத்தப் பாத்துகினு இருக்கிற வரைக்கும் எழுத்தப் பாக்க மாட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னார். காகிதத்தையெல்லாம் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தார். பாதிப் படங்கள் கிழிந்து வந்தன. அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினோம்.

இன்னொரு தடவை, பிள்ளைகள் எல்லாம் உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு பெ, பெ என்று கத்துகின்றன, மிஸ் சும்மா நின்று பார்க்கிறார் என்று ஒரு புகார். நானே போய்க் கேட்டேன்.

"நம்ம ப ஒண்ணுதான் சார். இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு எழுத்து. நம்ம வூட்டுப் புள்ளைங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும். காதுல கேக்கலன்னா கண்ணுல பாக்கட்டும். பேப்பர் ஆடிச்சின்னா ஒண்ணு, ஆடலன்னா இன்னொண்ணு. நீங்க சொல்லிப் பாருங்க" என்று ஒரு துண்டை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

நான் சொல்லிப் பார்க்கவில்லை. டிப்ளமோ படித்தவன், கேட்டில் நின்று பேப்பர் ஊதுவதா? அந்தத் துண்டு ஆடியிருக்குமா, ஆடாமல் இருந்திருக்குமா என்று எனக்கே தெரியாது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

எனக்கு அவரைப் பிடித்துப்போன ஒரு நாளும் உண்டு. யாழினி சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டாள் என்று கொடுக்கப் போனேன். வகுப்பில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் முப்பது பிள்ளைகளும் தரையில் நீட்டிப் படுத்துக் கிடக்கின்றன. மிஸ் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் பலகையைக் காட்டினார். அதில் 'படு' என்று எழுதியிருந்தது. பேசாமல் எழுதுவாராம். படிக்கத் தெரிந்தவர்கள் எழுதியதைச் செய்ய வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

"நல்லாத்தான் இருக்கு மிஸ். எல்லாரும் படிச்சுட்டாவளே."

"நாலு பேர் படிச்சாங்க சார்" என்றார். "நாலு பேரப் பாத்து இருபத்தாறு பேர் படுத்துட்டாங்க. உங்க பொண்ணு கண்ண மூடிகினு கீறா பாருங்க, அவ பாத்துப் படுத்தவ."

அவர் சொன்னது சரிதான். யாழினி மற்றவர்களைவிட ஒழுங்காக, கைகால் நேராக, ரொம்ப நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தாள். பார்த்துச் செய்கிற பிள்ளைகள்தான் எப்போதும் ஒழுங்காகச் செய்யும். அதற்குப் பிறகு அந்த இருபத்தாறு பேரையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, சீட்டில் ஒரு சொல் எழுதிக் காட்டித் தினமும் ஒரு சுற்று வந்தார். 'தட்டு' என்று இருந்தால் மேசையைத் தட்ட வேண்டும். 'ஓடு' என்று இருந்தால் ஓட வேண்டும். முதல்முறையாக ஒன்று சரியாக ஓடிவிட்டால் மிஸ்ஸும் அதன் பின்னாலேயே வராந்தா வரைக்கும் ஓடுவார். அப்போது மட்டும் அந்த முகத்தில் கோபம் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தார் போல. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நின்றபடியே சுற்றிப் பார்த்தார். படிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லாத வீடு எங்களுடையது. படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு நாள்காட்டியைக் காட்டினேன்.

"யாழினிக்கு வூட்ல தினமும் பத்து நிமிஷம் வேணும் சார். நான் ஒருத்தி முப்பது பேர்கிட்ட ஓடிகினு இருந்தா ஆவாது. அவ புத்திசாலி. அதான் பயமா கீது. ஒருவாட்டி கேட்டா மனசுல ஏத்திக்கிறா, அப்புறம் புக்குல இருந்து சொல்ற மாதிரியே சொல்றா. இப்ப புடிக்கலன்னா அப்புறம் புடிக்க முடியாது."

"மத்த டீச்சரெல்லாம் நல்லா படிக்கான்னுதான சொல்லுதாவ."

"நீங்க கம்பெனில இன்னா வேலை?"

"ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். குவாலிட்டி."

"கேஜ் வெச்சி அளந்து பாக்காம ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா?"

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. என் வீட்டில், என் மனைவி முன்னால் வைத்து என் வேலையையே எடுத்து என்னைக் கேட்கிறார். டூட்டிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுந்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் ஒரு நாளும் கொடுக்கவில்லை. எட்டு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓவர்டைம், வந்தால் தூக்கம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. போனைப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

ஜனவரியில் ஆண்டுவிழா ஏற்பாடு தொடங்கியது. யூகேஜி பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, மைக் முன்னால் ஒரு பக்கம் இங்கிலீஷ் புத்தகம் படிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அடுத்த வருடச் சேர்க்கையே அதை நம்பித்தான். ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்து, இரண்டு மாதம் அதையே சொல்ல வைத்தார்கள். சீட்டும் கிடையாது, காகிதத் துண்டும் கிடையாது. மிஸ் அதற்கு மறுத்தார் என்றும், வேறொரு டீச்சரை விட்டு உருப்போட வைத்தார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். யாழினி வீட்டில் வந்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று சொன்னாள். ஊருக்குப் போன் போட்டு எல்லோரையும் கேட்க வைத்தோம்.

விழா அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. யாழினி ஐந்தாவது ஆள். வெள்ளை கவுன் போட்டு, தலையில் பூ வைத்துப் போய் நின்றாள். புத்தகத்தை ஸ்டாண்டில் விரித்து வைத்திருந்தார்கள். கோழி கூட்டுக்குள் இருக்கிறது, கோழி முட்டையிட்டது என்று இங்கிலீஷில் அழகாகச் சொல்லத் தொடங்கினாள். மேடையில் ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது இரண்டாவது வரியிலேயே பக்கத்தைப் புரட்டிவிட்டது. புதுப் பக்கத்தில் ஒரு சிவப்பு பஸ் படம். என் மகள் அந்த பஸ்ஸின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஓரத்தில் நின்ற மிஸ் விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். குனிந்து அவள் காதருகில், "இந்தப் பக்கத்தப் படி கண்ணு, மூணே வார்த்தைதான்" என்றார். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. யாழினி மறுபடியும் கோழியைத் தொடங்கினாள், இந்த முறை இன்னும் சத்தமாக. "அது இல்லம்மா, இது" என்று மிஸ் பஸ் படத்தை மறைத்துக்கொண்டு எழுத்தைக் காட்டினார். குழந்தை அவரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, அழத் தொடங்கினாள்.

மிஸ் மைக்கைப் பிடித்தார்.

"இன்னா பாத்துகினு இருக்கீங்க எல்லாரும்? உங்க புள்ளைங்க யாரும் படிக்கல. இவளும் படிக்கல, இதுக்கு முன்னாடி வந்த நாலு பேரும் படிக்கல. ரெண்டு மாசமா என்னைச் சொல்லித்தர வுடல. நடிக்கத்தான் சொல்லித்தந்தாங்க. நீங்களும் வீடியோ எடுத்துகினு கீறீங்க. நாளைக்கு இதுங்க..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அப்புறமும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார், சத்தம்தான் வரவில்லை. நான் மேடையில் ஏறி என் பெண்ணைத் தூக்கினேன். அவரைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஒரு டீச்சரைப் பார்த்து, ஒரு பெண்ணைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவர் யாழினியின் கண்ணைத் துடைக்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் ஆறு அப்பாக்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். எல்லோரும் யூனிஃபார்மில்தான் இருந்தோம். கரஸ்பாண்டென்ட் எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். எங்களுக்காகத்தான் காத்திருந்தார் போல.

"அந்தப் பொண்ணு கொஞ்சம் ஒரு மாதிரி சார். நீங்களே எழுதிக் குடுத்துட்டா எனக்கு ஈசி" என்றார்.

புகாரை நான்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் அவர் வாங்கிப் பார்த்து, மனநிலை சரியில்லாதவர், குழந்தைகளோடு விடத் தகுதியற்றவர் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியும். சேர்த்தேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூடமும் பிறகு அவரைச் சேர்க்கவில்லை. என் கையெழுத்தில் இருந்த அந்தக் காகிதம் அவர் விண்ணப்பம் போட்ட இடத்துக்கெல்லாம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

யாழினியை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மார்க் நன்றாகவே வந்தது. கேள்வி பதிலை மனப்பாடம் செய்து, எழுத்துகளைக் கோலம் போடுகிற மாதிரி நினைவிலிருந்து போட்டுவிடுவாள். மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஒரு டீச்சர்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் டிக் போட்டால் அவர்களுக்கும் வேலை முடிந்தது.

போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு என் தங்கை ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் வாங்கி அனுப்பியிருந்தாள். விடுமுறை நாள், மதியம். யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினாள். ஒரு கரடி, அதற்குத் தேன் வேண்டும், குரங்கு ஏமாற்றுகிறது என்று ரொம்ப நன்றாகப் போயிற்று கதை. சோம்பலாக எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு வரிகூட அந்தப் பக்கத்தில் இல்லை. தேனும் இல்லை, ஏமாற்றுவதும் இல்லை. கரடியும் குரங்கும் ஊருக்குப் போக வண்டி தேடிக்கொண்டிருந்தன. மெல்லப் படத்தின் மேல் என் கட்டைவிரலை வைத்தேன். அது போதாமல் உள்ளங்கையையே வைத்து மூடினேன்.

"இப்பப் படி பாப்பா."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"கைய எடுப்பா. எப்படிப் படிக்க?"

அவள் ஏமாற்றவில்லை. படிப்பது என்றால் அதுதான் என்று எட்டு வயது வரைக்கும் நம்பியிருக்கிறாள். நாங்கள்தான் கைதட்டிக் கைதட்டி நம்ப வைத்தோம். எத்தனை பக்கம், எத்தனை பரீட்சை, எத்தனை முறை இந்தப் பிள்ளை உள்ளே தனியாகத் தவித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் வருகிறது. அடிக்க வேண்டிய ஆள் கண்ணாடியில்தான் இருக்கிறான்.

நானே சொல்லித்தரப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அவளும் அழுதாள், நானும் கத்தினேன். டியூஷன் வைத்தோம். அவர்கள் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பினார்கள். மிஸ்ஸைத் தேடிப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவருடைய அம்மா கதவைத் திறந்தார். மகள் ஏதோ கம்பெனி வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, நான் யார் என்று கேட்டார். யாழினியின் அப்பா என்று சொன்னேன்.

"இன்னும் இன்னா எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் வழியில் போகிற ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸிலும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டால் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என்ன சொல்வது என்பதைக்கூட வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

போன மாதம், எங்களுக்குக் கசிவு அடைக்கும் ரப்பர் சீல் வளையம் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு ஆடிட் போனேன். வரிசையாகப் பெண்கள் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு சீலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். நான் பார்த்துக்கொண்டே கடந்து போய்விட்டேன். பத்து மணி டீக்குக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்து எதிரில் நின்றார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியிருந்தார்.

"யாழினி அப்பா தானே?"

எழுந்து நின்றுவிட்டேன். மிஸ் இன்னும் இளைத்திருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுக்கிற மஞ்சள் அட்டை கழுத்தில் தொங்கியது.

"எப்டி கீறா? இப்போ நாலாவதா?"

"நாலாவதுதான் மிஸ்."

"படிக்கிறாளா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் ஒரு வருடம் அலைந்தேன். இல்லை மிஸ், ஒரு எழுத்துக்கூடச் சேர்த்துப் படிக்கத் தெரியவில்லை, நீங்கள்தான் வர வேண்டும் என்பதுதான் பதில். என் பக்கத்தில் அந்தக் கம்பெனி மேனேஜர் டீயோடு நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். நான் பெரிய கம்பெனியிலிருந்து வந்த ஆடிட்டர். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சூப்பரா படிக்கா மிஸ். தமிழ், இங்கிலீஷ் ரெண்டும். லைப்ரரில புக் எடுத்துட்டு வந்து அவளே படிக்கா" என்றேன். யாரும் கேட்காத லைப்ரரியை வேறு சேர்த்தேன்.

"நெஜமாவா சார்?"

"நெஜமா மிஸ்."

எந்தப் புத்தகம் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன கதை என்று கேட்பார், கூட்டிக்கொண்டு வாங்க பார்க்கலாம் என்பார். கேட்டால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பேன். யார் சொன்னாலும் நம்பாத மனுஷி, என்னைப் போய் நம்பினார். இப்போது எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் அதுதான். ஏன் நம்பினார்? அவ்வளவு நாளும் அப்படிச் சண்டை போட்டவர், அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. வராந்தாவில் பிள்ளைகளின் பின்னால் ஓடும்போதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்போ நான்தான் சார் தப்பு" என்றார். கண் கலங்கிவிட்டது. "அத்தினி பேர் முன்னால அந்தக் கொயந்தைய அழ வெச்சிட்டேன். கொஞ்சம் பொறுத்திருந்தா அவளே படிச்சிருப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். தெனமும் நெனச்சிப்பேன் சார், அந்த மூஞ்சி அப்டியே கண்ணுல நிக்கும். மிஸ் சாரி சொன்னாங்கன்னு அவகிட்ட சொல்லுங்க. நீங்களும் மனசுல வெச்சிக்காதீங்க."

டீ முடிந்ததற்கு மணி அடித்தது. பெண்கள் எல்லோரும் எழுந்து போகத் தொடங்கினார்கள். சூப்பர்வைசர் அவரைப் பார்த்தார்.

"பரவாயில்ல மிஸ், அதையெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பினார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, லைனுக்குப் போனார்.